சம்பந்திக்கு வாங்கிய வஞ்சரம்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, கோவளம் கடற்கரையில் ஐஸ் பெட்டியும் கையுமாக நின்றிருந்தேன். அன்று மதியம் செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் விருந்து. என் மகள் தானே பார்த்து வைத்திருந்த பையனின் அப்பா அம்மா முதல்முறையாக வருகிறார்கள். பிடித்துப்போனால் அன்றைக்கே கல்யாணப் பேச்சு. பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று மகள் சொல்லவில்லை. ஆனால் ஒரு வாரமாக என் சட்டைகளை அவளே இஸ்திரி போட்டு வைத்தாள். அதிலேயே நிலைமை புரிந்துவிட்டது.

இதில் நான் செய்த ஒரே உதவி, போனில் வாயை விட்டதுதான். பையனின் அப்பா படாளத்துக்காரர், அரசு உத்தியோகம். பேச்சுவாக்கில் மீன் சாப்பிடுவீர்களா என்று கேட்டேன். "வஞ்சரம்னா சாப்பிடுவேன்" என்றார். நான் விடுவேனா? "எங்க வூட்ல வேற மீனே ஏறாது சார்" என்றேன்.

பெரிய பொய்யும் இல்லை. என் அப்பா அம்மா வயல் கூலிக்குப் போனவர்கள். எங்கள் வீட்டுக்கு வந்த மீனெல்லாம் காரப்பொடிதான். வெள்ளிக் காசு மாதிரி மின்னும், தட்டையான, சதையைவிட முள் அதிகமுள்ள சின்ன மீன். கம்பெனியில் வேலை கிடைத்த முதல் மாதமே அதற்கு நான் விடைகொடுத்துவிட்டேன். அதன்பிறகு தட்டில் வஞ்சரம் துண்டு விழும்போதெல்லாம் ஒரு புரமோஷன் கிடைத்த மாதிரி இருக்கும். மகள் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: எல்லாரும் பெரிய மீனையே கேட்டால் கடலில் என்னப்பா மிஞ்சும், பக்கத்துக் கடலில் அந்தந்த சீசனில் கிடைப்பதைச் சாப்பிட்டால் என்ன? நான் துண்டை மென்றுகொண்டே தலையாட்டுவேன். டாக்டரும் சின்ன மீன் சாப்பிடச் சொன்னார். டாக்டரை மாற்றிவிட்டேன்.

கடற்கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்ணுக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். மீன் விஷயம் தெரிந்தவன் என்று காட்ட, கையில் கிடைத்த ஒன்றின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தேன்.

"இன்னாண்ணா, மீனுக்கு ஈசிஜி எடுக்கிறியா?" என்றாள்.

வஞ்சரம் வேண்டும் என்றேன். விருந்து விவரத்தையும் சொன்னேன்.

"தடைக்காலம்ணா இது. மீனு முட்டை வுடற நேரம். பெரிய போட்டு ஒண்ணும் கடலுக்குப் போவல. எங்க ஃபைபர் போட்டு கிட்டக்க போய்ட்டு இன்னா கெடைக்குதோ அத்த எடுத்தாருது. காலண்டர் பாக்காமயா விருந்து வெச்ச?"

ராகுகாலம், எமகண்டம், கரிநாள் எல்லாம் பார்த்துத்தான் வைத்திருந்தேன். மீனின் பிரசவ நேரத்தை மட்டும் பார்க்கவில்லை.

அப்போது அவள் கூடையின் ஓரத்தில், வலையில் தவறி மாட்டிய வஞ்சரக் குட்டிகள் மூன்று கண்ணில் பட்டன. ஒரு சாண் இருக்கும். சின்னதானாலும் வஞ்சரம் வஞ்சரம்தானே, அதைக் கொடு என்றேன்.

"அது கொயந்தைண்ணா. வெட்னா துண்டு சட்டை பொத்தான் சைஸுக்குத்தான் வரும். சம்பந்திக்கு மீன் வைக்கப் போறியா, பொத்தான் தைக்கப் போறியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அங்கிருந்து மானத்தோடு கிளம்ப ஒரே வழி எதையாவது வாங்குவதுதான். அவள் கூடையில் இருந்தது காரப்பொடி. "மாங்கா போட்டு வைக்கச் சொல்லு. வந்தவங்க எழுந்திருக்க மாட்டாங்க" என்று இரண்டு கிலோவை அள்ளிப் போட்டாள்.

ஆனால் நான் திருந்துகிற ஆளா? திரும்பும் வழியில் திருப்போரூரில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தினேன். ஐஸுக்குள் என் கை நீளத்துக்கு ஒரு வஞ்சரம் படுத்திருந்தது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "வண்டியில வருதுங்க" என்றார் கடைக்காரர். அதற்கு மேல் கேட்க எனக்கும் தைரியமில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் காரப்பொடியைத் தனியாகக் கொடுத்து, "இது சாயந்திரம் நமக்கு. அவங்க கண்ணுல காட்டிடாத" என்றேன். அவள் மாங்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள்.

மதியம் இலை போட்டு, சம்பந்தியாகப் போகிறவருக்கு நானே வஞ்சரம் வறுவலைப் பரிமாறினேன். வெளியே பார்க்க மணப்பெண் மாதிரி சிவந்திருந்தது. உள்ளே தலையணைப் பஞ்சு. மசாலாவுக்கு அடியில் வேறொரு வாசனையும் பதுங்கியிருந்தது. அவர் ஒரு வாய் வைத்தார். நிதானமாக மென்றார். மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். "நல்லா கீது" என்றார், தீர்ப்பைத் தள்ளிவைக்கிற நீதிபதியின் குரலில். அவர் மனைவி தன் துண்டைச் சோற்றுக்கு அடியில் நல்லடக்கம் செய்துகொண்டிருந்தார். வாசற்படியில் நின்ற என் மகள் என்னைப் பார்க்கவில்லை. மாமனாராகப் போகிறவரின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும், எதிர் இலையில் உட்கார்ந்திருந்த நானும் என் துண்டை ஓரமாக ஒதுக்கினேன்.

அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து குழம்பு வாசனை வந்தது.

அவர் தலை நிமிர்ந்தது. "உள்ள இன்னா கொதிக்குது?"

"ஒண்ணுமில்ல சார்… அது பூனைக்கு."

எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

"எந்தப் பூனைக்கு?" என்று அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

அவர் எழுந்தார். நான் முடிந்தது கதை என்று நினைத்தேன். அவர் வாசலுக்குப் போகவில்லை, நேராக அடுப்படிக்குப் போனார். "ஏம்மா தங்கச்சி, மாங்கா போட்ட காரப்பொடியா? பூனைக்குப் போவ மிச்சமிருந்தா எனக்குக் கொஞ்சம் ஊத்தும்மா."

குழம்பு கூடத்துக்கு வந்தது. இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்ட பிறகுதான் அவர் உண்மையைச் சொன்னார். அவர் வீடும் எங்கள் வீடு மாதிரிதான், அவர் வளர்ந்ததும் இந்த மீனில்தான். கம்பெனி ஆளாச்சே, நம்மை மட்டமாக நினைத்துவிடக்கூடாதே என்று போனில் வஞ்சரம் என்று சொல்லி வைத்தாராம். "இப்பவும் வாரத்துல ரெண்டு தபா இதான் வாங்கினு வருவாரு. தெருவுல யாரும் பாக்கக்கூடாதுன்னு கீரைக்கு அடியில வெச்சு" என்று அவர் மனைவி போட்டுக் கொடுத்தார்.

முள் மீனை அவசரமாகத் தின்ன முடியாது. ஒவ்வொரு முள்ளாக எடுத்து வைத்துக்கொண்டே பேசினோம். இலை காய்கிற வரைக்கும் யாரும் கை கழுவவில்லை. அதற்குள் கல்யாணத்துக்கு மாதம் முடிவாகிவிட்டது. மோர் கொண்டுவந்த மகள் என் காதருகில் குனிந்து, மெதுவாக "மியாவ்" என்றாள்.

இப்போது சம்பந்தியும் நானும் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு சேர்ந்தே கோவளம் போகிறோம். வஞ்சரம் இருக்கா என்று கேட்பதில்லை. இன்றைக்குக் கடலில் என்ன வந்தது என்றுதான் கேட்கிறோம். அதன் காலத்தில் நல்ல வஞ்சரம் வந்தால் அதையும் விடுவதில்லை. மீன் விற்கும் அந்தப் பெண்ணிடம் கதையைச் சொன்னது தப்பாகிவிட்டது. எங்களைக் கண்டாலே, "பூனைங்க ரெண்டும் வந்துட்சா?" என்கிறாள்.

இரண்டு வருடம் மகள் சொல்லியும் டாக்டர் சொல்லியும் மாறாத நான், எதிர் இலைக்காரர் என்ன நினைப்பாரோ என்ற பயம் தீர்ந்த அந்த ஒரு மதியத்தில் மாறிவிட்டேன். அதே பயம் எதிர் இலையிலும் உட்கார்ந்திருக்கலாம் என்பதை, இன்றும் ஒவ்வொரு காரப்பொடி முள்ளையும் எடுத்து வைக்கும்போது நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன்.