பூசைத் தட்டிலிருந்து எடுத்த கார்டு

அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பிள்ளையார் படத்துக்கு முன்னால் இருந்த தாம்பாளத்தில் கை வைத்த அந்த நிமிஷம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே ஒரு செவ்வந்திப் பூவும் கிடந்த சார்ஜிங் கார்டை அவர் எடுத்தார். ஆயுத பூசையில் வைத்த பொருளை, மறுநாள் மறுபூசை முடியும் முன்பே எடுத்தார். அவரா இப்படிச் செய்கிறார் என்று இருந்தது எனக்கு.

தூத்துக்குடியில் கப்பல்களுக்கு ஏஜென்சி வேலை பார்க்கும் கம்பெனியில் நான் கார் ஓட்டுகிறேன். எங்கள் வண்டிகளுக்கெல்லாம் பொறுப்பாளராக இருந்தவரைத்தான் அண்ணாச்சி என்கிறேன். ஆழ்வார்திருநகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். சஷ்டிக்கு ஆறு நாளும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருப்பார். ஒரு ஆயுத பூசையன்று மெக்கானிக் ஒருவர் பூசையில் வைத்த ஸ்பேனரை அவசரத்துக்கு எடுத்துவிட்டார் என்று, அடுத்த பூசை வரைக்கும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படிப்பட்ட மனிதர்.

கம்பெனி மின்சாரக் கார்கள் வாங்கியபோது, வழியில் உள்ள நிலையங்களில் காட்டிச் சார்ஜ் ஏற்ற எந்தச் சார்ஜிங் கார்டு எடுப்பது என்ற பேச்சு வந்தது. ஒரு கம்பெனி, தன் நிலையத்தில் மட்டும் செல்லும் கார்டை மலிவாகத் தருவதாகச் சொன்னது. இன்னொன்று கொஞ்சம் கூடுதல். ஆனால் பல கம்பெனி நிலையங்களில் செல்லும். “மலிவாக் குடுக்கான்னு பாத்து, நடுரோட்டுல நின்னா எவன் வந்து தள்ளுவான்?” என்று கேட்டு அண்ணாச்சி இரண்டாவதை எடுக்க வைத்தார். எங்களில் பாதிப் பேர் கையில் பட்டன் போன் என்பதால் ஆப் வேண்டாம் என்றார். ஆளுக்கொரு கார்டு தரலாம் என்று மேனேஜர் சொன்னதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “ஆளு லீவு போட்டா கார்டும்லா சார் லீவு போட்டுரும்? வண்டிக்கு ஒண்ணா வாங்குங்க. சாவியோட சேந்து கிடக்கட்டும்.” அதன்படியே நடந்தது. எல்லாக் கார்டுகளும் ஆபீசில் சாவிக் கொத்துகளோடு தொங்கின.

அதனால்தான் அந்த வருஷ ஆயுத பூசையன்று எல்லாக் கார்டுகளும் ஒரே தாம்பாளத்துக்கு வந்து சேர்ந்தன. அதோடு விடவில்லை நாங்கள். ஆபீஸ் சுவரில் இருந்த சார்ஜருக்கும் மாலை போட்டு, பொட்டு வைத்து, சுவிட்சை அணைத்துவிட்டோம். கப்பலுக்குப் பண்டிகை கிடையாது என்பதால் என் காரின் சாவியை மட்டும் அண்ணாச்சி வெளியே வைத்திருந்தார். அது காலையிலிருந்து ஓடி, சார்ஜ் அடிமட்டத்தில் இருந்தது. சாவியை நினைத்தவர்கள் சார்ஜை நினைக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் துறைமுகத்திலிருந்து போன் வந்தது. கப்பலில் இரும்பு தேய்த்துக்கொண்டிருந்த ஒரு மாலுமியின் கண்ணில் சில்லு பாய்ந்துவிட்டது. பிலிப்பைன்ஸ்காரன், என் தம்பி வயதுதான் இருக்கும். இங்குள்ள கண் டாக்டரம்மா பார்த்துவிட்டு, “உடனே மதுரைக்குக் கொண்டு போங்க. நேரமாக ஆகக் கண்ணு தங்காது” என்றார். அவனை வண்டியில் வைத்துக்கொண்டே ஆபீசுக்கு வந்தேன். அண்ணாச்சி வாடகைக் கார்களுக்கு மாறி மாறிப் போன் போட்டார். எங்கள் மற்ற வண்டிகளைப் போலவே எல்லா வண்டியும் பூசையில் நின்றது. ஆபீஸ் சார்ஜரில் ஏற்றினால் விடிந்துவிடும். என் காரில் இருக்கும் சார்ஜுக்கு எட்டயபுரம் வரை போகலாம். அங்கே சீக்கிரம் ஏற்றும் நிலையம் இருக்கிறது. கார்டு வேண்டும்.

“அண்ணாச்சி, மறுபூசை ஆகலியே” என்றேன்.

“ஆகலதான். நீ தட்டுல கை வைக்காண்டாம்லே. பாவம்னா அது எங்கூட இருக்கட்டும்.”

அவர் உதடு அசைந்தது. சாமியிடம் என்ன சொன்னாரோ தெரியாது. கார்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

வழியெல்லாம் முருகா முருகா என்றுதான் ஓட்டினேன். எட்டயபுரத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. அங்கேயும் சார்ஜிங் மிஷினுக்கு மாலை, வாழைக்கன்று, மாவிலை. திரை இருண்டு கிடந்தது. காவலுக்கு இருந்த பெரியவர், “பூசை போட்டாச்சு தம்பி, நாளைக்குத்தான்” என்றார். கார்டை நீட்டினேன். அதில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தார். பின்சீட்டில் கட்டுப் போட்ட கண்ணோடு கிடந்தவனையும் பார்த்தார்.

“இதுவும் பூசையில இருந்ததா?”

“ஆமா.”

பெரியவர் எழுந்தார். மாலையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். சார்ஜ் ஏறும்வரை அந்த மாலுமிக்குப் பூசைப் பொரியைக் கை நிறையக் கொடுத்தார். அவன் ஒரு கையால் வாங்கித் தின்றான். மறு கை என் சட்டையை விடவேயில்லை.

மறுநாள் காலை நான் திரும்பி வந்தபோது அண்ணாச்சி ஆபீஸ் வாசலிலேயே நின்றார். “கண்ணு?” என்றார். “இருக்கு அண்ணாச்சி. பார்வை வந்துரும்னு சொல்லிட்டாங்க” என்றேன். கார்டை வாங்கித் தாம்பாளத்தில் திரும்ப வைத்து மறுபூசைக்குச் சூடம் ஏற்றினார்.

“எடுத்து மதுரை வரைக்கும் ஓட்டியாச்சு. இனிமே என்னத்துக்கு அண்ணாச்சி மறுபூசை?” என்று ஸ்டோர் கீப்பர் சிரித்தார்.

“எடுத்தது நான்லா. சாமி அங்கனயேதான இருக்கு?”

தீபாராதனை முடிந்ததும் தட்டை என் கையில் கொடுத்தார். இனி பூசை வைப்பது என் பொறுப்பு, தனக்கு அந்தத் தகுதி இல்லை என்றார். நான் பதறிப்போய், “நல்லதுக்குத்தான எடுத்தீய, அதுல என்ன தப்பு?” என்று கேட்டேன். “தப்புதான்லே. தப்புன்னு தெரிஞ்சுதான் எடுத்தேன்” என்றார். இதைக் கேட்டதும் முந்தின நாள் அதிர்ச்சியெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது எனக்கு. ஆபத்துக்குப் பாவமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் எடுத்திருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் பாவம் என்று முழுசாக நம்பிக்கொண்டே கை நீட்டியிருக்கிறார்.

அண்ணாச்சி ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். வண்டிப் பொறுப்பு இப்போது என்னிடம். இந்த வருஷம் கார்டு மாற்ற வேண்டி வந்தபோதும், பல நிலையங்களில் செல்வதையே, வண்டிக்கு ஒன்றாகவே வாங்கச் சொன்னேன். ஆயுத பூசையும் வந்தது. கார்டுகளுக்கு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவன், கடைசிக் கார்டில் நின்றுவிட்டேன். இதை வைத்துவிட்டால், ஒரு போன் வந்தால், அவரைப் போல என்னால் எடுக்க முடியுமா? எத்தனை நேரம் நின்றேனோ, விரலில் இருந்த சந்தனம் காய்ந்தே போயிற்று. பிறகு அந்தக் கார்டைப் பொட்டு வைக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.