வெட்டாமல் விட்ட துண்டு

மகள் வாங்கிய தோல்பையைப் பிரித்ததும் வீடெங்கும் அந்த வாசனை. மரப்பட்டையும் கடுக்காயும் ஊறி, துவர்ப்பு மூக்கிலேயே தெரிகிற வாசனை. "சூப்பரா இருக்குல்லம்மா?" என்றாள். ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். நான் வேலையை விட்டு இத்தனை வருஷமாயிற்று என்று வாசனைக்கு யார் சொல்வது?

வேலூரில், போலீசுக்கு வரும் தடயங்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் இருந்தேன். அது என்ன வேலை என்று யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததேயில்லை, நண்பரே. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டபோது அப்பா "கவர்மெண்ட்ல சயின்ஸ்" என்று சமாளித்தார். மாப்பிள்ளையின் அம்மா விடவில்லை. "பொணம் அறுக்கறதா?" இல்லை என்றேன். "திருடனைப் புடிக்கறதா?" அதுவும் இல்லை. "பின்ன இன்னாதான்மா பண்றே?" துணியில் இருக்கிற கறை எதனுடையது என்று சொல்வேன் என்றேன். அந்த அம்மா காபியைக் கீழே வைத்துவிட்டுத் தன் புடவையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

கறை என்றால் எனக்கு ஒரு சட்டைதான். வேறு எத்தனையோ வந்து போயிருக்கின்றன. இது மட்டும் போகவில்லை. ஆம்பூரிலிருந்து தேவராஜ் ஏட்டு ஒரு வியாழக்கிழமை கொண்டுவந்தார். அரக்கு முத்திரையை உடைத்துப் பொட்டலத்தைப் பிரித்ததும் இதே வாசனை. டேனரியில் தோல் ஊறும் தொட்டிகளில் வேலை செய்தவருடைய சட்டை. ஒருவரை அடித்துக் கொன்றதாக அவரை உள்ளே வைத்திருந்தார்கள். "சீக்கிரம் குடுங்க மேடம், திங்கக்கிழமை ஜாமீன் மனு வருது. ரத்தம்தான், கொழந்தகூட சொல்லும்" என்றார் ஏட்டு.

ரத்தம்தான், அதைத் தனிச் சோதனையில் முதலிலேயே பார்த்துவிட்டேன். பச்சைத்தோலைத் தோளில் சுமப்பவர் சட்டையில் மாட்டு ரத்தமாவது இருக்கத்தானே செய்யும். மனித ரத்தமா என்பதுதான் கேள்வி. அதற்கு எங்களிடம் இருந்தது வளையச் சோதனை. கறையை வெட்டி உப்புநீரில் ஊறவைத்து, ஈர்க்குச்சி போன்ற கண்ணாடிக் குழாயில், மனித ரத்தத்தை அடையாளம் காட்டும் சீரத்தின் மேல் மெல்ல விட வேண்டும். இரண்டும் தொடுமிடத்தில் நூலிழை போல் ஒரு வெள்ளை வளையம் எழுந்தால் மனித ரத்தம். மூச்சை அடக்கிப் பார்த்திருந்தேன். எழுந்தது. எழுதினேன், கையெழுத்திட்டேன். வெள்ளிக்கிழமை மதியம் அறிக்கை போய்விட்டது. சட்டை மட்டும் எங்கள் பீரோவில் இருந்தது.

மாலை காட்பாடி பஸ்ஸில் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். உள்ளங்கை பழுப்பேறியிருந்தது. அதே துவர்ப்பு வாசனை. பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறியது. கறையை வெட்டினேன், சரி. கறை படாத இடத்தில் ஒரு துண்டு வெட்டினேனா?

வெட்டவில்லை.

கறைக்குச் செய்வதையெல்லாம் சுத்தமான துண்டுக்கும் செய்து பார்க்க வேண்டும். துணியே பொய் சொல்கிறதா என்று அறிய வேறு வழியில்லை. மரப்பட்டைச் சாறு புரதத்தை இறுகப் பிடிக்கும். தோல் பதமாவதே அந்தப் பிடியில்தான். என் சீரத்தையும் அது அப்படிப் பிடித்திருந்தால்? ரத்தமே இல்லாமலும் வளையம் எழும். வேறு ஊர்ச் சட்டையாக இருந்தால் என் அவசரம் ஒருவேளை தப்பித்திருக்கும். ஆம்பூர்ச் சட்டையில் தப்பாது. பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்ப்பது போலிருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை முதல் ஆளாகப் போய் முதுகுப்பக்கம் கறையில்லாத இடத்தில் வெட்டினேன். வளையம் வரக்கூடாது, வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே குழாயைப் பிடித்திருந்தேன். விஞ்ஞானி வேண்டிக்கொள்ளலாமா என்று கேட்காதீர்கள். வந்தது. அத்தனை அழகாக, அத்தனை வெள்ளையாக.

இரண்டாவது அறிக்கையைத் தட்டச்சு செய்ய மூன்று தாள் வீணானது. 'ரத்தம் உள்ளது. மனித ரத்தமா, விலங்கின் ரத்தமா என்று இத்துணியைக் கொண்டு கூற இயலாது. முந்தைய முடிவு என் பிழை.' திங்கட்கிழமை காலை ஏட்டு அதை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"போன வாரம் மனுஷ ரத்தம், இந்த வாரம் தெரியலையா? இன்னா மேடம், ராசிபலன் மாதிரி வாராவாரம் மாறுது?"

"ரத்தம் மாறல ஏட்டய்யா. தப்பு என்னோடது."

"கோர்ட்ல கூண்டுல ஏத்தி உரிச்சிடுவாங்க, பரவால்லையா?"

"பரவால்ல" என்றேன்.

ஆய்வகம் இருந்த அந்த ஓட்டுக் கட்டடம் இப்போது இல்லை. ஈர்க்குச்சிக் குழாய்கள் இல்லை; இன்றைக்கு மரபணுவைப் பார்க்கிறார்கள், அது வளையத்தைப் போல ஏமாறாது என்கிறார்கள். ஏட்டு ஓய்வுபெற்று ஒடுகத்தூர் பக்கம் வேர்க்கடலை போட்டார், பிறகு தகவல் இல்லை. சட்டைக்காரர் என்ன ஆனார்? எங்கள் மேசைக்குச் சட்டைதான் வரும், தீர்ப்பு வராது. போய்க் கேட்டிருக்கலாம். கேட்கப் பயந்தேன். ஒருவேளை அவர்தான் செய்திருந்தால்? செய்யாமலே உள்ளே கிடந்திருந்தால்? இரண்டு பயத்துக்கும் நடுவே எனக்கு நரை வந்துவிட்டது.

அவருடைய மனைவி ஷமீமை மட்டும் பார்த்தேன், ஒரே ஒரு முறை, அந்தத் திங்கட்கிழமை மதியம், எங்கள் ஆய்வகத்தின் கேட்டுக்கு வெளியே. வழக்கில் சம்பந்தப்பட்டவர்களோடு நாங்கள் பேசக்கூடாது. பேசினேன்.

"மனுஷ ரத்தம்னு எழுதினது நீங்கதானா?"

"நான்தான். தப்பா எழுதிட்டேன்மா. இன்னிக்கு மாத்தி எழுதி அனுப்பிட்டேன்."

"அல்லா! அப்போ அவரு செய்யலன்னு எழுதிட்டீங்களா?"

"அதை என்னால எழுத முடியாது. மனுஷ ரத்தமா, மாட்டு ரத்தமான்னு தெரியலன்னு எழுதியிருக்கேன்."

"தெரியலயா? இவ்ளோ படிச்சுமா?"

"ஆமா."

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நாலு அடி நடந்தவர் நின்று திரும்பினார்.

"அந்தத் தெரியலங்கறதையாவது பெரிய எழுத்துல போட்டீங்களா மேடம்?"