சித்தி நடித்த நாடகமும் அப்பா நடத்திய டிரில்லும்

எங்கள் ஓசூர்ப் பக்கத்தில் சீசன் என்றால் மாங்காய் சீசன். அதை விட்டால், கேழ்வரகு முற்றுகிற சமயத்தில் சானமாவுக் காட்டுக்கு யானைகள் வந்து இறங்குமே, அந்த சீசன். ஆகையால் நெடுஞ்சாலையோரம் புதிதாக எழும்பியிருந்த பல்கலைக்கழகம் தன் கலையரங்கத்தின் வாசலில் ‘வருகிறது கலை சீசன்’ என்று ஆளுயர ஃப்ளெக்ஸ் வைத்தபோது, எங்கள் குடியிருப்பில் பலருக்கும் அது என்ன சமாச்சாரம் என்றே விளங்கவில்லை. மார்கழியில் கச்சேரியோடு தொடங்கிச் சித்திரை வரைக்கும் போகுமாம். கன்னடத்தில் யட்சகானம், தெலுங்கில் ஹரிகதை, தமிழில் மூன்று நாடகங்கள். எல்லையோர ஊர் அல்லவா, ஒரு மொழிக்காரர்கள் கோபித்துக்கொண்டு வராமல் போனாலும் மற்ற இரண்டு மொழிக்காரர்கள் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

அரங்கம் பெரியது. பார்க்க ஆள் வேண்டுமே. அதனால் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளின் கேன்டீன்களில் எல்லாம் அறிவிப்பு ஒட்டினார்கள். தொழிலாளர் குடும்பத்துக்கு அனுமதி இலவசம். அதோடு, சீசனின் முதல் நாடகம் ஒரு தொழிற்சாலையில் நடக்கிற கதை என்பதால், அதில் நடிக்க விருப்பமுள்ள தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வரலாம் என்றும் போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுப் போனவர்களில் ஒருத்தி என் சித்தி.

சித்தி அம்மாவின் தங்கை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து தங்கி, செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஷிப்ட் முடிந்து வந்தால் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வாள். வீங்கிய பாதங்களை நான்தான் பிடித்து விடுவேன். அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் விடிந்தும் விடியாமலும் தலைக்குக் குளித்துவிட்டு பஸ் ஏறிவிடுவாள். திரும்பி வரும்போது முகமே வேறு மாதிரி இருக்கும்.

நாடகத்தில் அவளுக்கு ஒரே ஒரு இடத்தில்தான் வசனம். தொழிற்சாலையில் ஆபத்து சைரன் ஊதுகிறது. எல்லோரும் வெளியே ஓடிவிடுகிறார்கள். ஒருத்தி மட்டும் தன் மெஷினை விட்டு நகராமல் நின்று, நான் ஏன் போகவில்லை தெரியுமா என்று பேசுகிறாள். அந்த ஒருத்திதான் சித்தி. வீட்டில் அதை அவள் ஒப்புவிக்கும்போது நான் சைரன். ‘ஊஊ’ என்று நான் ஊதி முடித்ததும் அவள் கிரைண்டரைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பாள். எனக்குப் பள்ளிப் பாடத்தில் மனப்பாடச் செய்யுள் ஏறாது. ஆனால் சித்தியின் வசனம் ஓரெழுத்து பிசகாமல் ஏறியிருந்தது.

இதற்கு நடுவில் ஊரில் சித்திக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். பொங்கலுக்கு வந்தால் அப்படியே பூ வைத்து, தையிலேயே முடித்துவிடலாம் என்று தாத்தா போனில் சொன்னார். நாடகத்தை நடத்துகிற மேடமோ, முதல் நாடகம் சரியாக அமைந்தால் சீசன் முழுவதும் மற்ற இரண்டு நாடகங்களிலும் சித்தியே நடிக்கலாம் என்று சொல்லியிருந்தார். இரண்டும் ஒன்றாக நடக்க வழியில்லை. சித்தி அழுதாள், சாப்பிடாமல் படுத்தாள். அம்மா இரண்டு பக்கமும் பேசிப் பார்த்துக் களைத்துப் போனாள். கடைசியில் தாத்தா, “மருமகன் ஒரு எட்டு போயி பாத்துட்டு சொல்லட்டும். அது மரியாதப்பட்ட சமாச்சாரம்தானான்னு அவர் சொன்னா நான் ஒத்துக்கிடுதேன்” என்று அப்பாவின் தலையில் பொறுப்பைக் கட்டிவிட்டார்.

அப்பாவுக்கு நாடகம் என்றாலே ஆகாது. அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, பாதுகாப்பு. அவர் வேலை பார்த்த கம்பெனியில் அவர் மெயின்டனன்ஸ் ஃபிட்டர்தான். ஆனால் அவருடைய பிளாக்குக்கு அவர்தான் ஃபயர் வார்டன். மாதாமாதம் மாக் டிரில் என்று ஆபத்துக்கால ஒத்திகை நடக்கும். நீளமாக சைரன் ஊதினால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, ஓடாமல், பேசாமல், முட்டாமல் மோதாமல், பக்கத்து வாசல் வழியாக வெளியேறி, அசெம்பிளி பாயிண்டில் வரிசையாக நிற்க வேண்டும். வார்டன் தலைகளை எண்ணுவார். அதைவிட முக்கியமான விதி, வெளியே வந்தவர் என்ன ஆனாலும் திரும்ப உள்ளே போகக் கூடாது. “பெத்த தாயே உள்ள இருந்தாலும் போகப்புடாது. அதுக்குன்னு ஆள் இருக்கு” என்று சோறு சாப்பிடும்போதுகூட அப்பா எங்களுக்குப் பாடம் எடுப்பார். கம்பெனியின் குடும்ப தினத்தில் விளையாட்டுப் போட்டியோடு எங்களுக்கும் ஒரு டிரில் வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வட்டாரத்தில் எல்லாக் கம்பெனியிலும் இதே கதைதான்.

நாடகம் நடந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், கம்பெனி பஸ்கள் போச்சம்பள்ளியிலிருந்துகூட ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தன. அரங்கத்தின் முன் வரிசைகளில் பேராசிரியர்களும் மாணவர்களும். அவர்களுக்குப் பின்னால் கடைசிச் சுவர் வரைக்கும் நாங்கள். அம்மா புளியோதரையும் முறுக்கும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அரங்கத்துக்குள் சாப்பிடக் கூடாது என்று காவலாளி கன்னடத்தில் சொன்னதைப் புரியாதது போல் முகத்தை வைத்துக்கொண்டு பையை மடியில் இறுக்கினாள். அப்பா உட்கார்ந்ததும் முதல் வேலையாக வெளியேறும் வாசல்கள் எங்கெங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டார்.

நாடகம் தொடங்கியது. சித்தி நீல நிறச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக மெஷின் முன்னால் நின்றாள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, மார்க் போட வந்த வாத்தியார் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். இதோ, இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் பேசப் போகிறாள், அப்பாவுக்குப் பிடிக்க வேண்டும் சாமி என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன்.

சைரன் ஊதியது. நான் ஊதுகிற மாதிரியா ஊதியது? நிஜத் தொழிற்சாலையில் பதிவு செய்து கொண்டுவந்திருப்பார்கள் போல. அரங்கத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் ஏறி இறங்கி நீளமாக அலறியது. மறு விநாடி எனக்கு முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் ஓடவில்லை. வரிசை வரிசையாகத் திரும்பி, பக்கத்து வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். அம்மா புளியோதரைப் பையை நாற்காலியிலேயே போட்டுவிட்டாள். அப்பா வாசலண்டை நின்று கையைக் காட்டிக் காட்டி எல்லோரையும் அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கலக்கம் கொஞ்சமும் இல்லை.

“அம்மா, இது நாடகத்து சைரன்” என்றேன்.

“பேசாம நட” என்றாள் அம்மா. பேசாமல் நடக்க வேண்டும் என்பது விதி.

திரும்பிப் பார்த்தேன். மேடையில் சித்தி வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவள் பேச வேண்டிய நேரம் அது. யாருக்காகப் பேச வேண்டுமோ அவர் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார். முன் வரிசையில் இருந்தவர்கள், நாடகம் பிடிக்காமல் தொழிலாளர்கள் வெளிநடப்பு செய்கிறார்கள் என்று நினைத்துத் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெளியே வண்டிகள் நிற்கிற இடத்தில் பச்சை போர்டு வைத்த அசெம்பிளி பாயிண்ட் ஒன்று இருந்தது. இல்லாவிட்டால்தான் என்ன, எங்கள் ஆட்களே ஒன்றை ஏற்படுத்தியிருப்பார்கள். கம்பெனி வாரியாக வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். வெளிக் காவலாளி “ஏனாய்து, ஏனாய்து” என்று, என்ன ஆச்சு என்பதைக் கன்னடத்தில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனார். வார்டன்கள் வரிசைக்கு முன்னால் வந்து தலைகளை எண்ணினார்கள். அப்பா எங்கள் வரிசையை எண்ணி முடித்து நிமிர்ந்தபோது அம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

“ஏங்க, தங்கச்சி உள்ளல்லா நிக்கா!”

அப்பாவின் முகம் அப்படி வெளுத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அது நாடகம் அப்பா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஓட்டம் எடுத்துவிட்டார். ஓடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன், திரும்ப உள்ளே போகக் கூடாது என்று எங்களுக்குப் பாடம் எடுத்த மனுஷன், ஒரு செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அவர் வந்த வழியே போகவில்லை. மேடைக்குப் பக்கவாட்டில் இருந்த கதவைத் தள்ளிக்கொண்டு நேராக வெளிச்சத்துக்குள் போய்விட்டார். நான் திரையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றேன். நாடகம் அப்படியே நின்றுபோயிருக்க, சித்தி இன்னும் அதே இடத்தில் நின்றிருந்தாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“வா புள்ள, வெளிய வா!”

சித்தி அவரைப் பார்த்தாள். நாடகத்துக்காகத்தான் ஊதினார்கள் என்று ஒரு வார்த்தை காதோடு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையையும் உதறவில்லை.

“நான் வரல அத்தான்” என்றாள். அரங்கம் முழுவதும் கேட்டது. “என்னைய அனுப்பாதீங்க. வாரம் பூரா லைன்ல நின்னு காலு மரத்துப்போவுது. ஞாயித்துக்கிழம இங்க வந்து நிக்கையில வலிக்கலத்தான். எனக்கு இங்கன நிக்கணும்.”

எனக்கு உயிரே போய்விட்டது. அது அவள் வசனம் இல்லை. ஒரு வார்த்தைகூட இல்லை. மெஷினைப் பற்றிப் பேச வேண்டியவள் கால்வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். சரியான வசனத்தின் முதல் வார்த்தையைத் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் காதில் விழவில்லை.

அப்பா மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றார். அப்போதுதான் கீழே இருந்த முகங்களை, மேலே எரிந்த விளக்குகளை, அட்டையில் செய்த மெஷினை எல்லாம் பார்த்தார் போலிருக்கிறது. அவர் பிடி தளர்ந்தது. “சரி புள்ள” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பிறகு ஒற்றைச் செருப்போடு வந்த வழியே திரும்பி நடந்தார். முன் வரிசைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நடத்துகிற மேடம் மேடையோரத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, அடுத்த ஞாயிறு ஒத்திகைக்கு வர முடியுமா என்று கேட்டார். அப்பா அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வெளியே நின்றவர்களைச் சமாதானப்படுத்தி உள்ளே அழைத்து வந்து மிச்ச நாடகத்தையும் நடத்தி முடித்தார்கள். அப்பா அதில் எதையுமே பார்க்கவில்லை. நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு தூரம் ஓடியவருக்கு வேர்க்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தாத்தா போன் செய்தார். சித்தி அடுப்படியில் பாலைப் பொங்கவிட்டுவிட்டு நின்றாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஆமா மாமா, கண்ண எடுக்காம பாத்தேன். மரியாதப்பட்ட சமாச்சாரந்தான். நல்லாவே பேசுனா. மிச்ச நாடகத்துலயும் இருக்கட்டும், கல்யாணத்த பொறவு அவகிட்ட கேட்டுக்கிட்டு பேசுவோம்” என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தி வந்து என்னைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. பாதி நாடகத்தில் வெளியே நின்றவர், மீதி நாடகத்தில் தலை நிமிராதவர், கண்ணை எடுக்காமல் பார்த்தாராம். பொய் சொல்லக் கூடாது என்று என்னை அடித்திருக்கிறாரே! ஆனாலும் சித்தி ஊருக்குப் போகாமல் இருப்பாள் என்ற சந்தோஷத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. நல்லவேளை, அவள் தன் வசனத்தை மொத்தமாக மறந்துபோனதை அப்பா கவனிக்கவில்லை என்றுதான் ரொம்ப நாள் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.