எக்ஸாமினர் முன் தூக்காத கை

எங்கள் மசாஜ் வகுப்பை நடத்துவதா, மூடுவதா என்று பார்க்கச் சென்னையிலிருந்து எக்ஸாமினர் வந்த நாளைப் பற்றி எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு உதவும்.

அது யுத்த காலம். புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில், இறுகிப்போன கைகால்களுக்கு மசாஜும் பயிற்சியும் கொடுக்க எங்கள் நாலு பேரைப் பழக்கினார்கள். எக்ஸாமினர் சரியென்றால் சர்டிபிகேட்டும் வேலையும். இல்லையென்றால் நான் ஊருக்குத் திரும்பி ஏர் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதுவும் நான் கோணல்மாணலாக உழுததைப் பார்த்துவிட்டு, "நீ படிக்கவே போயிரு" என்று அப்பா அனுப்பியது.

பிராக்டிகலுக்கு எனக்குக் கிடைத்தவர் கறம்பக்குடிப் பக்கத்து விவசாயி கறுப்பையா. வண்டியிலிருந்து விழுந்து வலது தோள் இறுகி, சோற்றுக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகவே சிரமப்பட்டு வந்தவர். ஒத்தடம், மசாஜ், பயிற்சி என்று பல மாதம் போனபின் கையைத் தலைக்கு மேல் தூக்கி, "தம்பி, இனிமே கூரையே மேஞ்சிருவேன்" என்று சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தார்.

எக்ஸாமினர் சிரிக்காத முகத்தோடு வந்து உட்கார்ந்தார். அவரைக் கண்டதும் கறுப்பையா தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"கையைத் தூக்கச் சொல்லு" என்றார் எக்ஸாமினர்.

"கையத் தூக்குங்கண்ணே" என்றேன்.

கறுப்பையா அசையவில்லை.

"நேத்துத் தூக்குனீங்கள்ல?"

"நேத்து நீங்க மட்டும்தான இருந்தீங்க. எசமான் முன்னாடி கைய ஓங்கலாமா?"

"ஓங்க வேணாம். தூக்குங்க போதும்."

"பாக்குறவுக கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான தம்பி."

எக்ஸாமினர் காகிதத்தில் ஏதோ எழுதினார். எங்களுக்குப் பாடம் சொன்ன டாக்டருக்கு வியர்த்துவிட்டது. "யோவ், அவரே சொல்றாருய்யா, தூக்கு" என்றார்.

"அவுக பெருந்தன்மையாச் சொல்றாக. நாமதான் அறிஞ்சு நடந்துக்கணும்."

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "கோயில் அங்கிட்டுத்தான் இருக்குண்ணே. தலைக்கு மேல கைய வச்சு ஒரு கும்பிடு போடுங்க."

"இன்னும் குளிக்கலையே. ஒத்தடம் முடிஞ்சுதான் குளிக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?"

எக்ஸாமினர் பேனாவை மூடினார். "தோளில் மூவ்மென்ட் இல்லை. போதும்." எழுந்து, சுவரில் உயரத்தில் அடித்திருந்த ஆணியில் மாட்டிய தன் தொப்பியை எடுக்கப் போனார். எனக்குக் கலப்பையும் மாடும் கண்முன் வந்து நின்றன.

"நீங்க எதுக்கு எசமான் சிரமப்படணும்?" என்று கறுப்பையா பாய்ந்தார். கக்கத்துத் துண்டு கீழே விழுந்தது. வலது கை காதை ஒட்டி நேராக மேலே போயிற்று. தொப்பியை எடுத்து, தூசு தட்டி, பணிவாக நீட்டினார்.

எக்ஸாமினர் தொப்பியைப் பார்த்தார். அந்தத் தோளைப் பார்த்தார். "அதை மறுபடி மாட்டுங்க" என்றார்.

மாட்டினார்.

"எடுங்க."

எடுத்தார்.

"இன்னொரு தடவை."

நான் கோணம் அளக்கும் மரச்சட்டத்தைத் தோளில் வைத்து அளந்துகொண்டே, வேலை செய்யும் தசைகளின் பெயர்களை ஒப்பித்தேன். கறுப்பையா என் காதோரம், "போறதா இருக்கிறதான்னு எசமானுக்கே முடிவு தெரியலை போலிருக்கு" என்றார்.

எக்ஸாமினர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். "வகுப்பு நடக்கட்டும் டாக்டர். பையன்களுக்குத் தசை பேரெல்லாம் தெரியுது. ஆளைப் பாத்து எப்படிக் கேக்கணும்னு தெரியலை. அதையும் சொல்லிக் கொடுங்க."

"தம்பி பாஸுங்களா?" என்றார் கறுப்பையா.

"பாஸ்."

"அப்பன்னா இந்த எடது தோளையும் பாக்கச் சொல்லுங்க எசமான். ரொம்ப நாளா வலி. பரீட்சை நேரத்துல தம்பிக்குச் சங்கடம் வேணாம்னு சொல்லாம இருந்தேன்."

எக்ஸாமினர் அன்று சிரித்தது அப்போதுதான். நான் சிரிக்கவில்லை. இத்தனை மாதம் பக்கத்திலேயே இருந்த தோளை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

தம்பிகளே, ஒருவர் வலது தோள் வலி என்று வந்தால் இடது தோளையும் பாருங்கள். நமக்கு நல்ல பெயர் கிடைக்கட்டும் என்று வலியை மறைத்துக்கொள்ளும் ஆட்கள் நம் பக்கத்தில் நிறைய.