புளி போடாமல் ஐந்து மாதம்

1996 மார்ச், ஒரு சனிக்கிழமை, காலை ஆறரை மணி. நானும் அப்பாவும் எங்கள் பழைய ஃபியட் காரின் கூரையைக் கழுவினோம். நான் சொம்பில் தண்ணீர் ஊற்றினேன். அவர் குனிந்து, கண்ணைக் கூரையின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். டேப் ஒட்டிப் பிரித்த மூன்று பட்டைகள். இடது பட்டையில் மட்டும் தண்ணீர் முத்துமுத்தாக நின்றது. அந்த முத்துகளும் தட்டையாகத் தொடங்கியிருந்தன.

"முடிஞ்சுது அம்மணி. எழுதிக்க, அஞ்சு மாசம்" என்றார்.

எழுதிக்கொண்டேன். மறுநாள் காலை குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. வயது ஐம்பத்தாறு.

என் அப்பா கந்தப்பன் மதுக்கரையில், பாலக்காட்டு ரோட்டோரம், இருபது வருடம் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவர். தாத்தா ஒரு தோட்டத்தில் கூலிக்கு நின்றார். தோட்டத்துக்காரர் வீட்டுக் காரின் மேல் கை வைத்ததற்காக அப்பா ஏழு வயதில் அடி வாங்கியிருக்கிறார். அதை எங்களிடம் ஒரே ஒரு முறை சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டு. பிற்காலத்தில் அதே வீட்டு மகன் தன் காரோடு அப்பாவின் பெயின்ட் ஷெட்டுக்கு வந்தார். "ஏனுங் கந்தப்பண்ணா, எந்தக் கலருங்க நிக்கும்?" என்று கேட்டுவிட்டு, அப்பா யோசித்து முடிக்கும்வரை வெயிலில் நின்றார். இதை அப்பா யாரிடமும் சொல்லவில்லை. நான் பார்த்தேன்.

படிப்பு எட்டாவது வரை. லாரிப் பட்டறையில் உப்புத்தாள் தேய்த்துத் தொழிலுக்கு வந்தார். விரல் நுனியால் தடவிப் பெயின்ட்டின் கனத்தைச் சொல்வார். நான் ரசாயனத் தொழில்நுட்பம் படித்து, ஒரு பெயின்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, கனம் அளக்கும் கருவியை ஒருநாள் கொண்டுவந்து சரிபார்த்தேன். ஏழு இடங்களில் ஆறு சரி. ஏழாவதில் கருவியின் பேட்டரி தீர்ந்துவிட்டது.

எங்கள் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. சிமென்ட் லாரிகள் போகிற ரோடு. தூசி படியும், இரவுப் பனி அதை நனைக்கும், வெயில் ஏறுவதற்குள் பெயின்ட்டின் மேல் வெள்ளைப் புள்ளிகளாக இறுகிவிடும். வெறும் தண்ணீருக்கு அசையாது. டாக்ஸி ஸ்டாண்டுக்காரர்கள் பித்தளைக் குடத்துக்குச் செய்வதையே காருக்கும் செய்தார்கள். புளியைக் கரைத்து ஊற்றித் தேங்காய் நாரால் தேய்ப்பார்கள். புள்ளி போகும். கூடவே பளபளப்பும் போகும்.

1995 ஜூனில் ரவிக்குமார் என்ற விற்பனையாளர் ஒரு டப்பாவோடு ஷெட்டுக்கு வந்தார். உள்ளே இருப்பதைப் பெயின்ட்டின் மேல் தெளித்துத் துடைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் நிற்கும், தூசி ஒட்டாது, மூன்று வருடம் தாங்கும் என்றார். முதலில் ஸ்டாண்டுக்குத்தான் போயிருக்கிறார். அங்கே பதினான்கு கார்கள். கந்தப்பண்ணன் சொன்னால்தான் அடிப்போம் என்று அனுப்பிவிட்டார்கள்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்கண்ணா. பதினாலு வண்டியும் உங்க ஷெட்டுக்கே வந்துரும்."

"மூணு வருசம்னு யாரு பார்த்தாங்க?"

"கம்பெனில டெஸ்ட் பண்ணியிருக்காங்க."

"மதுக்கரையிலயா?"

ரவிக்குமார் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "டப்பாவ வெச்சுட்டுப் போங்க தம்பி. பார்த்துப்போட்டுச் சொல்றேன்."

எங்கள் கார்க் கூரையின் நடுவே டேப் ஒட்டினார். இடது பாதியில் தெளித்தார், வலது பாதியை வெறுமனே விட்டார். தினமும் லாரி போகிற ரோட்டோரம் காரை நிறுத்தினோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவிப் பார்த்தோம். செப்டம்பர் முடியும்வரை தெளித்த பாதி புதிது போல இருந்தது; ஊற்றிய தண்ணீர் பரவாமல் முத்துமுத்தாக நின்றது. அப்பாவுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஸ்டாண்டின் மூத்த டிரைவர் பங்காரு புதுப் பெயின்ட் அடித்த அம்பாசிடரோடு காத்திருந்தார். ஆயுத பூஜை முடிந்ததும் உன் வண்டிக்குத்தான் முதலில் என்று அப்பா அவருக்குச் சொல்லியிருந்தார்.

பூஜைக்கு முந்தின நாள் நான் வேலை முடிந்து வந்தபோது, அம்மா முழங்கைவரை புளிக் கரைசலோடு காரின் பக்கத்தில் நின்றாள். கூரை முழுக்கத் தேய்த்து முடித்திருந்தாள்.

"பூசையன்னிக்கு வண்டி அழுக்கா நின்னா நல்லாவா இருக்கும், கண்ணு?"

"அம்மா, நாலு மாசம் வீணாப் போச்சும்மா!" கத்திவிட்டேன்.

அப்பா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். தெளித்த பாதியிலும் தெளிக்காத பாதியிலும் ஒரே மாதிரி பரவி வழிந்தது. குனிந்து கூரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"வீணில்ல அம்மணி. உன்ற அம்மா இன்னிக்குப் பண்ணுனதத்தானே நாளைக்கு அந்தப் பதினாலு பேரும் பண்ணுவாங்க?"

என் சோதனைக்கூடத்தில் உப்பு நீர், வெப்பம், ஒளி எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெட்டி உண்டு. புளிக்கும் தேங்காய் நாருக்கும் எதுவும் இல்லை. புளியின் அமிலத்தைவிட, நாரில் சிக்கிய சிமென்ட் துகள்தான் படலத்தை அறுத்திருக்கும். உப்புத்தாள் தேய்த்த மாதிரி. அந்தக் கணக்கை நான் பிறகு போட்டேன். கேள்வியைக் கேட்டது அப்பா.

கூரைக்குப் பாலிஷ் போட்டு, மூன்றாகப் பிரித்து, மறுபடி தொடங்கினார். இடது பட்டையில் தெளித்துவிட்டு வெறும் தண்ணீரில் கழுவுவது. நடுப் பட்டையில் தெளித்துவிட்டுப் புளி போட்டுத் தேய்ப்பது. வலது பட்டையில் எதுவும் கிடையாது. நடுப் பட்டைக்கு அம்மாதான் பொறுப்பு. "திட்டிப்போட்டு இப்ப வேலையும் குடுக்கறீங்களாக்கு" என்று மாதாமாதம் தேய்த்தாள். இரண்டாவது மாதமே அங்கே படலம் இல்லை.

பங்காருவுக்குக் கோபம். "ஒத்த வார்த்த சொல்றதுக்கு இத்தன மாசமாங்ணா? உங்க பரிட்ச முடியறதுக்குள்ள எம்பட வண்டி பேரன் பேத்தி எடுத்துரும்."

"பொய் சொல்லோணும்னா ஒரு நிமிசம் போதும் பங்காரு. அதுக்கு என்னைய எதுக்குக் கேக்கறே?"

பங்காரு முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் வேறு ஷெட்டுக்குப் போகவில்லை. அந்த டப்பாவை இங்கே விற்கிற ஏஜென்சி வேறு ஆளுக்குப் போய்விடும் என்று ரவிக்குமாரும் இரண்டு முறை எச்சரித்துப் பார்த்தார். "போனாப் போகட்டுமுங்க" என்றார் அப்பா.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை, நாங்கள் கழுவி முடித்த பிறகு, மதியம் ரவிக்குமார் வந்தார். கையில் ஒரு தகரப் பலகை. 'மூன்று வருடப் பாதுகாப்பு' என்று பெரிதாகவும், கீழே 'கந்தப்பன் ஆட்டோ பெயின்டிங்' என்றும் எழுதியிருந்தது. இருபது வருடமாக எங்கள் ஷெட்டுக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. அப்பா தன் பெயரை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு, ஐந்து மாதம்தான் தாங்கியது என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் பிரஷ் எடுத்துவந்தார்.

"அண்ணா, அஞ்சு மாசம்னு போட்டா யாருங்க அடிப்பாங்க?"

"அஞ்சு மாசத்துக்கு ஒருக்கா அடிப்பாங்க."

"கம்பெனில என்னையத் தொலச்சுப்போடுவாங்கண்ணா."

"அப்ப மூணு வருசம் இருக்கட்டும், எம்பட பேர அழிச்சுப்போடறேன். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க தம்பி."

ரவிக்குமார் பலகையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "பேரு இருக்கட்டுங்க" என்றார்.

அப்பா மூன்று வருட வரியை அழித்துவிட்டு, கோடு போடாமல், நேராக எழுதினார்: 'ஐந்து மாதம் தாங்கும். புளி போட்டுத் தேய்த்தால் தாங்காது.'

ஞாயிறு மாலை ஸ்டாண்டின் பதினான்கு கார்களும் அவர் பின்னால் மயானம்வரை வந்தன. நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வெள்ளைப் புள்ளிகள். ஒன்றில்கூட அந்தப் படலம் இல்லை. ஒன்பது மாதம், ஒருவரும் முந்திக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை அந்தப் பலகையை ஸ்டாண்டில் கொண்டுபோய் மாட்டுவதாக அப்பா சொல்லியிருந்தார். ஏணியும் சுத்தியலும் நான்கு ஆணிகளும் ஷெட் வாசலில் எடுத்து வைத்தபடி இருக்கின்றன.