இடது கையால் சுற்றிய பெடல்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் முழுசாகத் தூங்கவில்லை. தொண்ணூறுகளின் பின்பாதி அது. வீடு அடி அண்ணாமலையில். எனக்கு வேங்கிக்காலில் அலுவலக வேலை. மனைவி தொலைவில் ஒரு கிராமத்துப் பள்ளியில் டீச்சர் என்பதால் வீட்டிலிருந்த ஒரே மொபெட்டை அவள் எடுத்துக்கொண்டு போவாள். மதிய இடைவேளையில் வீட்டுக்கு வந்து, அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டுத் திரும்ப வேண்டியது என் பங்கு. மற்ற நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துக்கொள்வார்.

பேச்சில் அப்பாவுக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல். பசித்தாலும் 'சரி' என்பார், வலித்தாலும் 'சரி' என்பார். குரல் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்து நாங்களாகப் புரிந்துகொள்வோம். பம்புசெட்டு வைத்து நெல்லும் மணிலாக்கொட்டையும் பயிரிட்டு, வரப்புத் தகராறில் எதிராளியை வாயாலேயே ஓட்டியவர். டாக்டர், நல்லா இருக்கிற கைக்காவது வேலை கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். நாங்கள் ரப்பர் பந்தைக் கொடுத்தால் அப்பா அதைச் சுவரில் எறிந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

எங்கள் மாடி அறையில் குளிர்காலம்தோறும் ஒரு வெள்ளைக்காரர் வந்து தங்குவார். கடைசியாக வந்த வருஷம் கிளம்பும்போது தன் ரேஸ் சைக்கிளை எனக்கே விட்டுவிட்டுப் போனார். பின்னால் பல அடுக்குப் பல்சக்கரம், முன்னால் பெடலருகே பெரிசு ஒன்று, சிறிசு ஒன்று. முன்னால் இருக்கும் இரண்டுக்கும் நடுவே செயினைத் தள்ளிவிட ஒரு சின்ன இரும்புக் கூடு உண்டு. அதற்கு டீரெய்லர் என்று பெயர்; எங்கள் வீட்டில் அது 'தள்ளி' ஆகிவிட்டது. அவர் ஒருமுறை ஓடையில் விழுந்ததில் அந்தத் தள்ளி நசுங்கிப்போய், செயின் பெரிய சக்கரத்திலேயே மாட்டிக்கொண்டது. மற்ற மாதங்களில் அது பெரிதாகத் தெரியவில்லை. ஆனி, ஆடியில் மேற்குக் காற்று எதிரே அடிக்கும்போது வீட்டுக்கு மிதித்து வருவது நெல் மூட்டையை இழுத்து வருவதைப் போல இருந்தது. வீட்டை அடையும்போது தொடை நடுங்கும். அந்த நடுக்கத்தோடுதான் அப்பாவைத் தூக்க வேண்டும்.

அடுத்த குளிர்காலத்தில் வெள்ளைக்காரர் வரவில்லை. அவருடைய நண்பர் ஒருவர் புதுத் தள்ளியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். டவுனில் சைக்கிள் கடைக்காரரிடம் காட்டினேன்.

"இத நான் தொட்டதே இல்லீங்க. கெடுத்துட்டா உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்," என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் அது பல மாதங்கள் அலமாரியில் கிடந்தது. உட்கார்ந்து பார்க்கத் தெம்பில்லை. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. துவைத்த துணி எதுவும் காயவில்லை. மனைவிதான் சொன்னாள், "இன்னிக்கு எப்படியும் வெளிய போக முடியாது. அந்த தள்ளிய மாட்டித் தொலைங்களேன்."

வெளியே எல்லாம் நனைந்திருந்ததால் சைக்கிளை அப்பாவின் அறைக்குள் கொண்டுவந்து, உத்தரத்திலிருந்த தொட்டில் கொக்கியில் கயிறு கட்டி, பின்சக்கரம் தரையில் படாதபடி சீட்டைத் தூக்கி மாட்டினேன். அப்பா தலையைத் திருப்பிப் பார்த்தார்.

பழைய கூட்டின் பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றினால் செயினை அறுக்காமலே அதை வெளியே எடுத்துவிடலாம் என்று கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆனது. புதியதைச் சட்டத்தில் பொருத்தி, கியர் கம்பியை இழுத்துக் கட்டினேன். மனைவி ஒரு கையால் ஆடும் சைக்கிளைப் பிடித்து, மறு கையால் கியர் நெம்புகோலை இழுக்க, நான் பெடலைச் சுற்றினேன். செயின் பெரிய சக்கரத்தில் ஏறி, அதையும் தாண்டி வெளியே விழுந்தது.

"வெளிய வந்துடுச்சுங்க."

"தெரியுது."

"என்மேல ஏன் எரிஞ்சு விழறீங்க?"

அவள் கேட்டது நியாயம்தான். செயினை எடுத்து மறுபடி மாட்டினேன். கூட்டை ரொம்ப உயரத்தில் மாட்டியிருக்கிறேன் என்று பிறகு தெரிந்தது. பெரிய சக்கரத்தின் பல்லுக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு காசின் தடிமன்தான் இருக்க வேண்டும். புதுத் தள்ளியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் அப்படித்தான் படம் போட்டிருந்தது. இறக்கி மாட்டினேன். அடுத்து, கூடு எதுவரை நகரலாம் என்று எல்லை கட்டும் இரண்டு குட்டி ஸ்க்ரூக்கள். பெடல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். என் ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர். மறு கையால் கூட்டைப் பிடித்திருந்தேன். மனைவிக்கும் கை காலியில்லை.

"மாமா, உங்க பக்கம் இருக்கிற பெடல கொஞ்சம் சுத்துங்களேன்," என்றாள் அவள், யோசிக்காமல்.

அப்பா அவளைப் பார்த்தார். அப்புறம் இடது கையை நீட்டிப் பெடலைப் பிடித்து மெதுவாகச் சுற்றத் தொடங்கினார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவார் என்று இருவருக்குமே பயம். செயின் கூட்டில் உரசிக் கரகரத்தது.

"சரி," என்றார் அப்பா. குரல் ஏறி, கடுப்பாக இருந்தது. இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம்.

ஸ்க்ரூவைக் கால் திருகு திருகினேன். உரசல் குறைந்தது. இன்னும் கொஞ்சம். நின்றது. மனைவி நெம்புகோலை இழுத்தாள், விட்டாள். செயின் ஏறியது, இறங்கியது.

"சரி," என்றார். இந்த முறை குரல் தணிந்திருந்தது.

இதனால் அவர் தேறிவிட்டார் என்று சொல்ல ஆசைதான். மறுநாள் பந்தைக் கொடுத்தபோது வழக்கம்போல எறிந்தார். ஆனால் கம்பி நாளாக ஆகத் தளரும். பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் கூட்டத்தின் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து கூட்டின் மூட்டுகளில் களிமண்ணாக அப்பிக்கொள்ளும். மாதத்துக்கு ஒருமுறையாவது மண்ணெண்ணெயில் துடைத்து, சொட்டு எண்ணெய் விட்டு, கம்பியை மறுபடி இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. அப்போதெல்லாம் சைக்கிள் அவர் கட்டிலருகே தொங்கும், அவர் சுற்றுவார். சில நாள் சுற்றிக்கொண்டே பெடல்மேல் கைவைத்தபடி தூங்கிவிடுவார். மனைவி அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைப்பாள்.

புது நூற்றாண்டு பிறந்த கொஞ்ச நாளில், மார்கழியில், அப்பா போனார். கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கலைந்தார்கள். அதற்கப்புறம் செயின் உரச ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தோடே அலுவலகத்துக்குப் போனேன், வந்தேன். பல மாதம் அப்படியே ஓட்டினேன். தெருவில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

கோடை விடுமுறையில் ஒருநாள் மனைவி சொன்னாள், "சத்தம் ரொம்ப ஜாஸ்தியா இருக்குதுங்க. இன்னிக்குப் பாத்துடலாமா?"

வெளியே வேப்பமரக் கிளையில் சைக்கிளைக் கட்டித் தொங்கவிட்டோம். அவள் பெடலைச் சுற்றினாள், நான் ஸ்க்ரூவைத் திருகினேன். உரசல் நின்றதும் 'சரி' என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, மிச்சமிருந்த சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, வெறும் தரையில் படுத்தோம். யாரும் எங்களை எழுப்பவில்லை. கண்விழித்தபோது பொழுது சாய்ந்து, வீடு இருட்டிக்கொண்டு வந்தது.