மில் மதிலோரத்து வெந்நீர்

மகளுடைய அபார்ட்மென்டின் நீச்சல் குளத்தில் இன்று விடிந்ததும் ஆவி எழுவதைப் பார்த்து, செருப்பைக் கழற்றி வலது காலை நீரில் விட்டேன். இந்த இடத்தில்தான் அப்பா வேலை பார்த்த நூல் மில் இருந்தது. பெங்களூரின் மார்கழிக் குளிரில் ஏழு மணிச் சங்கு ஊதியதும் பாய்லர் வெந்நீர் மதில் ஓட்டை வழியாக வெளியே கால்வாயில் வழியும். பஞ்சும் எண்ணெயும் மணக்கும் அந்தக் கால்வாயில், மில் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண் பிள்ளைகள் நாங்கள் பாவாடையைச் செருகிக்கொண்டு, கால் சிவக்கச் சிவக்க உட்கார்ந்திருப்போம். வாட்ச்மேன் மாணிக்கண்ணன் நிதானமாகப் பீடியை முடித்துவிட்டுத்தான், "மேனேஜர் வராரு, ஓடுங்க" என்று விரட்டுவார். எந்த மேனேஜரும் ஒருநாளும் வந்ததில்லை.

"மேடம், கால் விடக் கூடாது. மேனேஜர் வராரு" என்றான் குளத்துக் காவலாளி.

அறுபது வருஷமாக வராதவர். வரட்டும் என்று இடது காலையும் விட்டேன்.